ஷெட்டில் கிடக்கும் மினி டிராக்டரை எழுப்புவது: அறிகுறி வாரியாக

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் பலரிடமும் இந்தக் கதை இருக்கும். தென்னை வரிசைக்கு நடுவே உழுவதற்கென்று 15 முதல் 20 குதிரைசக்திக்குள் ஒரு சின்ன டீசல் டிராக்டர் வாங்கியிருப்பார்கள். பிள்ளைகள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போன பிறகு தோப்பைப் பார்க்க ஆள் குறையும், வண்டி தகரக் கொட்டகைக்குள் போகும். அப்புறம் ஏதோ ஒரு ஆவணியில், புழுதி விதைப்புக்கு வாடகை டிராக்டர் சிக்காத நேரத்தில்தான் வீட்டு வண்டி ஞாபகம் வரும்.

அந்த அவசரம்தான் ஆபத்து. நான் பார்த்த வரையில் நின்று நின்றே கெட்ட வண்டி குறைவு. எழுப்புகிற அன்றைக்குக் கெடுத்த வண்டிதான் அதிகம். எங்கிருந்தாவது ஒரு நல்ல பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி செல்ஃப் அடிப்பார்கள். ஓடவில்லையென்றால் இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பார்கள். மூடி இல்லாத சைலன்சர் வழியாக ஐப்பசி மழை இறங்கி, ஒரு சிலிண்டரில் கொஞ்சம் தண்ணீர் நின்றிருந்தால் போதும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டனுக்குப் போக இடம் இருக்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஃபில்டர் மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கிற வேலையாகிவிடும்.

அதனால் கீழே உள்ள முதல் பகுதி எல்லா வண்டிக்கும் பொது. அதை முடித்துவிட்டு உங்கள் வண்டியின் அறிகுறிக்குப் போங்கள்.

சாவியைத் தொடுவதற்கு முன்

கையில் ஒரு நீளக் கம்பு எடுத்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன் நாலு தட்டு, சீட்டுக்கு அடியில் நாலு தட்டு. எலி குடியிருக்கும் இடத்துக்குச் சாரை வரும், சாரை வருகிற இடத்துக்கு நல்ல பாம்பும் வரும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

முதலில் ஏர் கிளீனர். மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் உள்ளே ஒரு குடித்தனமே நடந்திருக்கும்: கடித்துத் துருவிய சாக்கு நூல், தென்னை நார், முந்திரிக்கொட்டைத் தோல், எலிப் புழுக்கை. இதையெல்லாம் எடுக்காமல் செல்ஃப் அடித்தால் அத்தனையும் இன்ஜினுக்குள் போகும். கிளீனருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் பாத் கிளீனராக இருந்தால் கிண்ணத்தில் உள்ள பழைய எண்ணெய் செம்மண் சேறாகியிருக்கும். வழித்து எடுத்து, டீசலில் கழுவி, குறி வரைக்கும் மட்டும் புது எண்ணெய் ஊற்றுங்கள். குறியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நீலப் புகை பகுதியில் வரும்.

அடுத்து வயர். எலி கடித்த இடத்தில் செம்பு தெரிந்தால் பேட்டரியை மாட்டுவதற்கு முன்பே டேப் சுற்றிவிடுங்கள். வைக்கோல் அடுக்கிய கொட்டகை என்றால் இதற்கு இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த எண்ணெயோடு ஒரு சுற்றுகூடச் சுற்றவிடாதீர்கள். அடிப் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும், எண்ணெய் அப்புறம்தான் வரும். எவ்வளவு தண்ணீர் என்று ஒரு வாளியில் பிடித்துப் பார்த்தால் கதை புரியும். ஒரு டம்ளர் அளவென்றால் மழையோ வியர்வையோ. ரேடியேட்டர் காலியாகி வாளி நிறைந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது லைனர் ரப்பர் போயிருக்கிறது. இரண்டாவது ரகம் என்றால் இங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பிறகு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனரை மாட்டி, ஓடும் திசையில் 2 முழுச் சுற்று. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் தன் வேலையை ஒரு முறை முடிக்க அவ்வளவு தேவை. முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் கடிகாரம் சுற்றும் திசை. இறுக்கமும் தளர்வும் மாறிமாறி வந்தால் நல்லது, கம்ப்ரஷன் இருக்கிறது என்று அர்த்தம். ஓர் இடத்தில் கல்லில் இடித்தது மாதிரி சட்டென்று நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிவிட்டு மறுபடி மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் அந்த ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சும்.

கடைசியாக, நிறுத்தும் வழி. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பழைய டீசல் வண்டிகளில் சாவியை அணைத்தால் இன்ஜின் நிற்காது. டீசலை அடைக்கிற இழுப்புக் கம்பிதான் நிறுத்தும். ஒருவர் கம்பியை இழுக்க, இன்னொருவர் பம்பின் மேல் உள்ள சின்ன லீவர் கூடவே நகர்கிறதா, விட்டால் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது போக, ஏர் கிளீனர் குழாயைக் கழற்றினால் தெரியும் இன்ஜின் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு கனமான பலகைத் துண்டைப் பக்கத்திலேயே வையுங்கள். டீசல் பம்பு திறந்த நிலையில் சிக்கியிருந்தால் இன்ஜின் பிடித்த மாத்திரத்தில் கட்டுக்கு அடங்காமல் ஏறும். அப்போது காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி. கையை வைத்து மூடப் பார்க்காதீர்கள், இழுத்துக்கொள்ளும்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது ‘டக்’ என்று மட்டும் கேட்கிறது

பல வருஷம் காலியாகவே கிடந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டு உயிர்ப்பிக்கலாம் என்று நம்பாதீர்கள். தட்டுகள் வெள்ளை பூத்துப் போயிருக்கும். சார்ஜருக்கு 12 வோல்ட் காட்டும், செல்ஃப் அடித்ததும் விழுந்துவிடும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும், செல்ஃப் சுற்றும்போது சுமார் 10-க்குக் கீழே போகக்கூடாது. மல்டிமீட்டர் இல்லையென்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். லைட் அணைந்துபோனால் பேட்டரியோ டெர்மினலோ. லைட் அப்படியே எரிந்தால் கரண்ட் செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை.

‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் டெர்மினலில் சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றித் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்காமல் மூடிகளை இறுக்கிக்கொள்ளுங்கள். எர்த் வயர் சேஸிஸைத் தொடும் போல்ட்டையும் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பாதி வண்டிகளில் கோளாறு அந்த எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு ரூபத்தில் ஒளிந்திருக்கும்.

ஒரே ஒரு ‘டக்’ மட்டும் பலமாகக் கேட்டு, சுற்றவில்லையென்றால் செல்ஃப் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம், அல்லது இன்ஜினே இறுகியிருக்கலாம். கையால் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள் என்பதால் இரண்டாவது இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

எதுவுமே கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், அப்புறம் கிளட்சுக்கு அடியில் இருக்கும் சேஃப்டி சுவிட்ச். சில மாடல்களில் கிளட்சை முழுதாக மிதித்தால்தான், சிலவற்றில் ரோட்டவேட்டர் மாதிரி கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. லீவரும் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். இந்த சுவிட்சில் துரு ஏறியிருப்பது சகஜம்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கீழே நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்வது. வண்டி கியரில் இருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியில் பின் சக்கரம் அங்கே நிற்பவர் மேல்தான் ஏறும். டிராக்டரால் நடக்கும் சாவுகளில் இதுவும் ஒன்று. சீட்டில் உட்கார்ந்து சாவியால் ஓட வைக்க முடியாத வண்டியை ஓட வைக்காமலே விடலாம்.

இன்ஜின் கையாலும் சுற்ற மறுக்கிறது

முதலில் கியர் விழுந்திருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், இது நடக்கிற விஷயம்.

நிஜமாகவே இறுகியிருந்தால், நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு மூன்று கரண்டி ஊற்றி, துணியால் மூடிவிடுங்கள். தினமும் காலையில் ஸ்பேனரை மாட்டி முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ஒரே திசையில் முழு பலம் கொடுக்கக் கூடாது. துரு பிஸ்டன் ரிங்கைத்தான் பிடித்திருக்கிறது என்றால் சில நாளில் மயிரிழை அசையும். அசைந்துவிட்டால் பாதி வெற்றி. ஒரு வாரம், பத்து நாள் ஊறியும் அசையவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி ஆள் தொங்கினால் புல்லி போல்ட் உடையும். அதை எடுப்பது தனித் தலைவலி.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை, புகையும் இல்லை

பெரும்பாலானவர்கள் வந்து நிற்கும் இடம் இதுதான். சைலன்சரில் துளிப் புகைகூட இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் சைலன்சர் வாயையே ஒரு தடவை பாருங்கள், கந்தலோ கூடோ அடைத்திருக்கலாம்.

முதலில் அந்த இழுப்புக் கம்பி. வண்டியை நிறுத்திய அன்று இழுத்தவர் திரும்பத் தள்ளாமலே போயிருப்பார். கம்பி உறைக்குள் துருப்பிடித்து அதே நிலையில் நின்றிருக்கும். கம்பி உள்ளே போனாலும் பம்பில் உள்ள லீவர் திரும்பியிருக்காது. லீவரை விரலால் தள்ளிவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சில நேரம் அத்தோடு வேலை முடிந்துவிடும். சாவி போட்டதும் டீசலைத் திறக்கிற சொலினாய்டு உள்ள மாடல் என்றால், சாவியைத் திருப்பும்போது பம்புப் பக்கம் ‘கிளிக்’ கேட்கிறதா என்று காது கொடுங்கள்.

பிறகு டேங்க். பழைய டீசலை நம்பாதீர்கள். கொட்டகை பகலில் கொதித்து இரவில் குளிர்ந்து, டேங்கின் மேல்பாகத்தில் நீர் கோத்து, அடியில் தண்ணீராக நிற்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே குழகுழவென்று கறுப்பாக ஒன்று வளர்ந்திருக்கும். அதுதான் ஃபில்டரை அடைப்பது. எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து தெரியும். டேங்கைக் கழுவ நேரமில்லையென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. சுத்தமான ஒரு கேனில் 2 லிட்டர் புது டீசல் ஊற்றி, இன்ஜினுக்கு மேலே ஒரு கொம்பில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயை நேராக ஃபில்டருக்குக் கொடுங்கள். இப்போது ஓடினால் கோளாறு டேங்கிலும் அதன் குழாயிலும்தான். ஓடவில்லையென்றால் அதற்கு இந்தப் பக்கம். பாதி வண்டியை ஒரே அடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும். கழுவி மாட்டுவது வீண்.

இனி ஏர் எடுக்கும் வேலை. டீசல் பம்பு தண்ணீர் மாதிரி அழுத்த முடியாத திரவத்தை எதிர்பார்க்கிறது. குழாயில் ஒரு குமிழி காற்று இருந்தால் பம்பு அந்தக் காற்றைத்தான் அழுத்தும், நாசில் திறக்காது. அதனால் காற்றை வரிசையாக வெளியேற்ற வேண்டும்: டேங்க் பக்கத்தில் தொடங்கி நாசில் பக்கமாக.

ஃபில்டரின் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பில் கைப்பிடி இருந்தால் அதை மேலும் கீழுமாக அடியுங்கள். மேலே டேங்க் உள்ள சின்ன வண்டிகளில் தானாகவே இறங்கும். முதலில் ஒன்றும் வராது. அப்புறம் ‘ஸ்ஸ்’ என்று காற்று, பிறகு வெள்ளை நுரை, நுரைக்கு நடுவே துளித்துளியாக டீசல். நுரை நிற்கும் வரை கையை நிறுத்தாதீர்கள். ஒரு கட்டத்தில் குமிழியே இல்லாமல், நூல் பிடித்த மாதிரி தெளிவாக வழியும். அது வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். கையை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போகும். அடுத்து இதையே டீசல் பம்பின் மேல் உள்ள ஸ்க்ரூவில் செய்யுங்கள்.

கடைசியில் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து, செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடி. பிறகு ஒரு நிமிஷம் ஓய்வு, இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடாகிப் போகும். நட்டில் விட்டு விட்டு டீசல் துள்ள ஆரம்பித்ததும் இறுக்கிவிடலாம்.

துள்ளுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். நாசில் திறப்பதற்கே சதுர அங்குலத்துக்கு 1,700 பவுண்டுக்கு மேல் அழுத்தம் வேண்டும். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது; உள்ளே சதை அழுகும். அப்படி ஏதாவது நடந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், டீசல் உள்ளே போனது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் நட்டில் டீசல் துள்ளவில்லையென்றால் பம்புக்குள் ரேக் சிக்கியிருக்கிறது. பழைய டீசல் பிசினாகக் காய்ந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். வெளியே தெரிகிற முனையில் டீசல் விட்டு ஊறவைத்து, விரலால் மெதுவாகத் தள்ளித் தள்ளி விடுவிக்கலாம். சுத்தியல் வேண்டாம். அதற்கு மேல் பம்பைப் பிரிக்கவும் வேண்டாம். உள்ளே உள்ள பிளஞ்சரும் பேரலும் சில மைக்ரான் இடைவெளியில் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை. கொட்டகைப் புழுதியில் திறந்தால் அன்றோடு முடிந்தது. கழற்றி, துணியில் சுற்றி, பம்பு-நாசில் பார்க்கிற கடையில் கொடுத்துவிடுங்கள். நாசிலையும் கூடவே கொடுங்கள், அழுத்தம் வைத்துச் சோதிப்பார்கள்.

வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது

புகை வந்துவிட்டதால் டீசல் போகிறது. ஆனால் எரியவில்லை. டீசல் இன்ஜினுக்குப் பொறி கிடையாது, அழுத்திய காற்றின் சூட்டில்தான் பற்றும். அந்தச் சூடு ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

மூன்று சிலிண்டர் மினி டிராக்டர்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று பலர் வயரைக் கழற்றியே வைத்திருப்பார்கள். சித்திரையில் அது ஓடியிருக்கும். ரிங் தேய்ந்த பழைய இன்ஜின் மார்கழி விடியற்காலையில் ஓடாது. ஒவ்வொரு பிளக்கையும் வயரிலிருந்து பிரித்து, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் லாம்ப் வழியாகத் தொட்டால் லாம்ப் எரிய வேண்டும். எரியாதது செத்த பிளக்.

ஹீட்டர் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் கம்ப்ரஷன். நாள்பட நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்து ரிங் ஒட்டாமல் இருக்கும். நாசில் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, கையால் சில சுற்றுச் சுற்றிவிட்டு நாசிலை மாட்டி ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிடித்தால் ரிங்தான், சில மணி நேரம் ஓடினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கரண்டியைத் தாண்டி ஊற்றினால் முன்பு சொன்ன தண்ணீர் கதைதான் திரும்ப நடக்கும்.

ஏர் கிளீனரில் ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். ஹீட்டர் உள்ள இன்ஜினில் அது உள்ளேயே வெடிக்கும்; பிஸ்டனும் ரிங்கும் உடையும். பெட்ரோல் நனைத்த துணியை வாயில் பிடிப்பதும் அதே ரகம்தான்.

பிடிக்கிறது, சில நிமிஷத்தில் நின்றுவிடுகிறது

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஆச்சி தன் வண்டியைப் பற்றிச் சொன்னதே பாதி வைத்தியம்.

“தம்பி, அஞ்சு நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் மூச்சு முட்டுன மாதிரி நின்னுருது. கொஞ்சம் சும்மா விட்டா திரும்ப ஓடுது.”

“நின்ன உடனே டீசல் மூடியைத் திறந்து பாத்தீகளா ஆச்சி?”

“ஆமா, ‘உஸ்ஸு’ன்னு ஒரு சத்தம் வந்துச்சு.”

அந்த ‘உஸ்’ போதும். டீசல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வர மூடியில் ஊசி ஓட்டை ஒன்று இருக்கும். குளவிக்கு அது பிடித்தமான இடம். மண்ணைக் குழைத்து உருட்டி அடைத்து, மேலே பூசிவிட்டுப் போய்விடும். உள்ளே காற்று வராமல் டேங்க் டீசலைப் பிடித்துக்கொள்ளும். மூடியை வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பார்த்து மாட்டினால் தீர்ந்தது. மூடியைத் திறந்துவைத்தே ஓட்டுகிறவர்கள் செம்மண் புழுதியைத் தாங்களே டேங்கில் போடுகிறார்கள்.

மூடியைத் திறந்தும் நிற்கிறதென்றால் டேங்கிலிருந்து டீசல் வெளியேறும் வாயில் ஒரு இலையோ அந்தக் கறுப்புச் சளியோ மிதந்து வந்து அடைக்கிறது, நின்றதும் விலகிவிடும். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் இதற்கு விடிவு இல்லை. முன்பு சொன்ன, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் வைத்துப் பார்த்தால் இன்னொரு கோளாறும் தெரியும்: ஓடும்போது சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகப் போகும். குழாய்கள் சேரும் போல்ட்டுகளின் செப்பு வாஷர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அங்கே டீசல் கசியாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். வெளியே ஈரம் இல்லாததால் கண்ணில் படாது. வாஷரை மாற்றுங்கள். விலை ஒன்றும் இல்லை.

ஓடுகிறது, ஆனால் புகையும் தடுமாற்றமும்

கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏர் கிளீனரை ஒரு நிமிஷம் கழற்றிவிட்டு, புழுதி இல்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள். புகை குறைந்தால் கிளீனர். குறையவில்லையென்றால் நாசில் ஒழுகுகிறது.

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. நாள்பட்ட வண்டியில் முதல் கால் மணி நேரம் வருவது இயல்பு. தொடர்ந்து வந்தால் ஆயில் பாத் கிண்ணத்தில் குறிக்கு மேல் ஊற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். அதிகமான எண்ணெயை இன்ஜின் உறிஞ்சி, அதையே டீசல் மாதிரி எரித்துக்கொண்டு ஏறும். அப்போது இழுப்புக் கம்பிக்கு வேலை இல்லை, பலகைதான்.

ஒரு சிலிண்டர் அடிக்காமல் தடுமாறினால், மெதுவாக ஓடும்போது நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாக, கந்தல் துணியைச் சுற்றி, கண்ணாடி அணிந்து, லேசாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

எண்ணெய் லைட் பற்றி ஒரு வரி: ஸ்டார்ட் ஆன சில விநாடியில் அணையவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். சுவிட்ச் கெட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

ஓடுகிறது, கியர் விழவில்லை

கிளட்சை முழுதாக மிதித்தும் கியர் ‘கர்ர்’ என்று கத்தினால், கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரத்தில் நின்ற வண்டிகளில் இது சாதாரணம். கிளட்ச் பெடலை முழுதாக அமுக்கி, பலகை வைத்து முட்டுக் கொடுத்து ஓரிரு இரவு விடுங்கள். பிறகு இன்ஜின் நின்றிருக்க, டாப் கியரில் போட்டு, பெடல் அமுங்கிய நிலையிலேயே நாலு பேர் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டப்’ என்று விடும். விடவில்லையென்றால் வண்டியை நடுவில் பிரிக்க வேண்டியதுதான். கொட்டகைக்குள் கியரோடு ஸ்டார்ட் செய்து உலுக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தால் முதலில் விடுவது சுவராகத்தான் இருக்கும்.

பிரேக்கும் இப்படித்தான். கொட்டகையை விட்டு வெளியே எடுப்பதற்கு முன் இரண்டு பிரேக் பெடலையும் தனித்தனியாக மிதித்து, பிடிக்கிறதா, விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிறது, சூடாகிறது

ரேடியேட்டர் பின்னல்களில் செம்மண்ணும் பதரும் அடைத்துக் கல்லாகியிருக்கும். ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ரொம்ப வேகம் கொடுத்தால் தகடுகள் மடங்கும். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் அமுங்கலாம், அதற்கு மேல் என்றால் தொய்வு. ரப்பர் ஹோஸ்களைப் பிசைந்து பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளே பாறை மாதிரி படியும். கூலண்ட்தான் சரி. அதைக் கலக்கவோ, அவசரத்துக்கு ஊற்றவோ தண்ணீர் தேவைப்பட்டால், நம் வீடுகளில் வளவு (முற்றம்) மூலையில் அண்டா வைத்துப் பிடிக்கிற மழைத் தண்ணீர் போர் தண்ணீரை விட எவ்வளவோ மேல். துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். பேட்டரிக்கு மட்டும் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஓடுகிறது, கலப்பை தூக்கவில்லை

பல சின்ன வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெயேதான் ஹைட்ராலிக்குக்கும். அளவு குறைந்தால் தூக்காது. எண்ணெய் மோர் நிறமாக இருந்தால் கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து, அது வழியாக மழை இறங்கியிருக்கிறது. உறையை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் அடுத்த கார்த்திகையில் திரும்ப இதே வேலை. எண்ணெய் மாற்றும்போது பம்புக்குப் போகும் சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள். எண்ணெய் சரி, சல்லடை சரி, கருவி மாட்டாத வண்டியின் லிஃப்ட் கைகளைத் தூக்குகிறது, ரோட்டவேட்டரை மாட்டினால் மெல்ல இறங்குகிறது என்றால் உள்ளே பிஸ்டன் ரப்பர் காய்ந்துவிட்டது. கல்டிவேட்டரோடு இந்தப் பருவத்தை ஓட்டிவிட்டு, அறுவடை முடிந்து தையில் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுக்காமல் யாரையும் கை நீட்ட விடாதீர்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு டைனமோவைப் பாருங்கள்: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். முதல் சில மணி நேரம் ஓடியதும் இன்ஜின் எண்ணெயை மறுபடி மாற்றுங்கள். உள்ளே ஊறிக் கிடந்த துருவும் கசடும் அப்போதுதான் கரைந்து வரும். டீசல் இன்ஜினுக்கான 15 டபிள்யூ 40 ரக எண்ணெய் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. புது டீசல் ஃபில்டரும் அந்தச் சமயத்தில் இன்னொன்று தேவைப்படும், ஆகவே வாங்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள்.